என் ஸ்க்ரூடிரைவரை ஒளித்து வைத்த பெண்

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல், திருவனந்தபுரத்தில் அதிவேக மோட்டார் வடிவமைக்கும் ஒரு சிறு கம்பெனிக்கு ஆலோசகராகப் போய்க்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு எழுபதாயிரம் சுற்று சுற்ற வேண்டிய மோட்டார். சுழலும் தண்டின் மேல் காந்தத் துண்டுகள். அவை பிய்த்துக்கொண்டு பறக்காமலிருக்க, மேலே இறுக்கமாக ஓர் உலோக உறை. எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று கணக்குப் போட்டவன் நான்.

என்னோடு வேலை பார்த்த இளம் இன்ஜினீயர், அந்த ஊர் ஆரியசாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். கணக்கைப் பார்த்துவிட்டு, "சூடாச்சுன்னா காந்தத்தை விட உறைதானே சார் அதிகமா விரியும்? பிடி லூசாகுமே. ஒரு வட்டம் கூட நோக்கலாமா?" என்றாள். இன்னொரு தடவை பார்க்கலாமா என்பதை மலையாளம் கலந்த அந்த ஊர்த் தமிழில் அப்படித்தான் கேட்பார்கள்.

"நீ பிறக்கறதுக்கு முன்னாடியே மோட்டார் ஓட்டினவன் நான்" என்று சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். முதலாளியிடம் போய், இந்தப் பெண் வேலையை இழுத்தடிக்கிறாள், சோதனை முடிந்ததும் அனுப்பிவிடுங்கள் என்றும் சொன்னேன். அது அவள் காதுக்கும் போயிற்று.

எனக்கு ஒரு பழக்கம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பேன். பேரிங் எப்படி இருக்கிறது என்று சத்தமே சொல்லிவிடும். சோதனை நாளன்றும், மோட்டாரைச் சுற்றி வைத்திருந்த இரும்புக் கவசத்தில் ஒயர் போகும் துளை வழியாக அதை நுழைத்துக் கேட்பதாக, பக்கத்தில் நாற்காலியெல்லாம் போட்டு வைத்திருந்தேன்.

"இது மாவு மில் மோட்டார் இல்லே கேட்டோ சார்" என்று கெஞ்சிப் பார்த்தாள். நான் அசையவில்லை.

மோட்டார் வேகம் பிடித்தது. ஸ்க்ரூடிரைவரைக் காணோம். எல்லோரும் இருந்த அடுத்த அறைக்குப் போய், திட்டிக்கொண்டே மேசை மேசையாகத் தேடினேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் வெடித்தது.

போய்ப் பார்த்தோம். உறை தளர்ந்து, காந்தம் நொறுங்கியிருந்தது. கவசம் தாங்கிவிட்டது. ஆனால் ஒயர் துளை வழியாகப் பாய்ந்த ஒரு சில்லு, என் நாற்காலி முதுகைத் துளைத்துச் சுவரில் புதைந்திருந்தது.

அவள் சாப்பாட்டுப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினாள். தயிர்சாத வாசனை அடித்தது.

"எடுத்தது நான்தான் சார். அனுப்பறதுன்னா இதுக்கும் சேர்த்து அனுப்பிடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பு என் கணக்கில், அனுப்ப வேண்டியது அவளை அல்ல என்று முதலாளியிடம் அங்கேயே சொன்னேன்.

"அப்போ சாரை அனுப்பிடலாமா?" என்றார் அவர்.

"சார் இருக்கட்டும். ஸ்க்ரூடிரைவர் மட்டும் என் பையிலேயே இருக்கட்டும்" என்றாள்.

அவள் கணக்குப்படி செய்த உறையோடு அடுத்த மோட்டார் முழு வேகத்தில் ஓடியது. அடுத்த அறையில் அவளுடைய தயிர்சாதத்தில் பங்கு வாங்கிச் சாப்பிட்டபடி அதன் சத்தத்தைக் கேட்டேன்.

யாருடைய வேலைக்கு உலை வைத்தேனோ அவளால்தான் இன்று உயிரோடிருக்கிறேன். இப்போதெல்லாம் எவர் வந்து "ஒரு வட்டம் கூட நோக்கலாமா" என்றாலும், வாயைத் திறக்காமல் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.