தண்ணீர் மட்டத்தில் ஒரு கமரா

காத்தான்குடி சஹ்லா எட்டு வருடமாகக் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படம்பிடித்து வந்தாள். ஆண் கமராக்காரரை உள்ளே விடாத வீடுகள் அவளைத்தான் கூப்பிடும். முகத்துக்கு நேரே அடிக்கிற லைட்டை அவள் கொண்டுபோவதில்லை. யன்னலுக்கு எதிரே வெள்ளைச் சீலையைக் கட்டி, அதில் பட்டுத் திரும்பும் வெயிலிலேயே மணமகளை எடுப்பாள். ஆனால் பென்டிரைவைக் கொடுத்ததும், வீட்டார் பார்த்திருக்க, தன் கணினியிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். அதுதான் பேச்சு.

அதனால், தன் முதல் சினிமாவுக்குக் கமராக்காரர் தேடி வந்த இயக்குநர் அமிர்தகழி உதயரூபன், "செய்த வேலை ஏதும் காட்டுவீங்களா?" என்று கேட்டபோது அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"ஒரு நாள் தாங்க. எடுத்துக் காட்டுறன்."

ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியில் நண்டு பிடிக்கும் ஒருத்தியின் கதை அது. அவர் தந்த நாளில், தோணியில் வைத்த கமரா ஆடியது. சஹ்லா நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினாள். காற்றடித்த டயர் டியூப்பின் நடுவே பிளாஸ்டிக் பேசின் ஒன்றைக் கட்டி, அதற்குள் கமராவை வைத்து மெல்லத் தள்ளிக்கொண்டு போனாள். எடுத்ததை உதயரூபன் மூன்று தரம் போட்டுப் பார்த்தார்.

"நாளைக்கே தொடங்குவம்."

இருபத்திரண்டு நாளில் படம் முடிந்தது. அதோடு கலியாண அழைப்புகளும் நின்றன. ஆண்களோடு தண்ணிக்குள் நின்றவள் என்று பேச்சு. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. "வேற ஆள் பார்த்திட்டம்" என்றார்கள். தங்கை நஸ்ஹா வாழ்க்கைப்பட்ட மாமி வீட்டில் சஹ்லாவின் பெயரையே எடுப்பதில்லை. சஹ்லா கொழும்புக்குப் போய், விளம்பரப் படங்களுக்கு வேலை செய்தாள்.

வெளிநாட்டு விழாவொன்றில் அவளுடைய ஒளிப்பதிவுக்கு விருது கிடைத்தது. அவளுக்கு விசா கிடைக்கவில்லை; உதயரூபன் போய் வாங்கினார். அவர் அனுப்பிய காணொளியில் மேடையில் தன் பெயரைத் தப்பாக வாசித்ததை வாடகை அறையிலிருந்து கேட்டாள். சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

ஒரு மாதம் கழித்து நஸ்ஹா அவளுக்குப் போன் எடுத்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ராத்தா, படம் பார்த்தன். அது நம்மட ஆறுதானே?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் பார்க்கிற ஆறு. அப்பிடி ஒரு நாளும் பார்த்ததில்ல. அழுகை வந்திட்டு."

சஹ்லா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஊருக்கு வாங்க என்று சொல்வாளென்று காத்திருந்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் நஸ்ஹா.

"ஓம், சாப்பிட்டன்."

அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, பேச்சு அறுந்தது. சஹ்லா சாப்பிட்டிருக்கவில்லை. விடிந்தால் மன்னாருக்குப் புறப்பட வேண்டும்; அங்கேதான் அடுத்த படம். லென்ஸ்களைத் துடைத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள்.