மாதிரிக்குக் கொண்டுபோன நட்டு

என் மகள் மாட்டு டாக்டர். ஜவ்வாது மலையில் வேலை கிடைத்ததும், மலைக் கிராமங்களுக்குப் போய்வர ஒரு பழைய ஜீப்பை வாங்கினாள். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஆரணியில் பெண்கள் ஸ்கூட்டி ஓட்டுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜீப் ஓட்டுவதைப் பார்த்தார்கள். "உங்க பொண்ணு ஜீப்புல போச்சு, பாத்தேன்" என்று பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியைகள் சொல்வார்கள். அதில் பாராட்டு எவ்வளவு, எச்சரிக்கை எவ்வளவு என்று எனக்குப் பிரித்தெடுக்கத் தெரியாது.

மழைக்காலத்தில் ஜீப்பின் ஒல்லிச் சக்கரங்கள் சேற்றில் புதைந்துபோயின. அதனால் அகலமான அலாய் வீல்களைச் சென்னையிலிருந்து வரவழைத்தாள். அவை சாக்கில் சுற்றி வந்து சேர்ந்தன. "பழைய நட்டெல்லாம் துருப்புடிச்சுப் போச்சும்மா. புதுசா இருபது நட்டு வாங்கி வை" என்று மலையிலிருந்து போன் செய்தாள்.

நான் நெசவு வீட்டில் பிறந்தவள். அதே நிறத்தில் இன்னொரு சேலை வேண்டுமென்றால், பழைய பட்டு நூலில் ஒரு துண்டு வெட்டிச் சாயப்பட்டறைக்கு எடுத்துப்போவோம். நனைத்த நூலை வெயிலில் பிடித்துத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். சிவப்பு என்றால் யாருக்கு எந்தச் சிவப்போ. மாதிரி கையில் இருக்க வேண்டும். நட்டு வாங்கவும் அப்படித்தான் போனேன். அவள் வந்திருந்தபோது பழைய நட்டு ஒன்றைக் கழற்றித் தரச் சொல்லி, கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் நான்கைந்து வகைகளை மேசையில் பரப்பினார். நான் ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்துப்போய் மாதிரியோடு வைத்துப் பார்த்தேன். மரை, உயரம், அகலம்.

"இன்னா டீச்சரம்மா, முகூர்த்தப் பொடவையா எடுக்கறீங்க? வெயில்ல வெச்சுப் பாக்கறீங்களே" என்றார்.

எல்லாம் பொருந்திய நட்டு ஒன்று, கண்ணாடிபோல் பளபளத்தது. அதில் இருபது வாங்கினேன். பஞ்சர் கடையில் மாட்டினார்கள். ஜீப் அழகாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, அவள் வேலை செய்யும் ஊரைப் பார்க்க நானும் கூடப் போனேன். மதியம் திரும்பி இறங்கும்போது முன்பக்கம் ஒரு சத்தம். டொக், டொக். ரோடு சரியில்லை என்றாள். இரண்டு வளைவு தாண்டியதும் ஸ்டியரிங் அவள் கையில் உதறியது.

"நிறுத்துடி."

நிறுத்தினாள். இறங்கிப் பார்த்தோம். இடப்பக்க முன் சக்கரத்தில் ஐந்து நட்டுகளில் மூன்று இல்லை. மீதி இரண்டில் ஒன்றை அவள் விரலால் திருகினாள். அது அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. சக்கரத்துக்கு அந்தப் பக்கம் நாலடி மண், அதற்கப்பால் மரங்களின் உச்சி. நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் வந்த லாரி நின்றது. டிரைவருக்கு என் வயது இருக்கும்.

"சக்கரம் கழண்டுகினு இருக்குது, நீங்க ரெண்டு பேரும் கதை பேசிகினு வந்தீங்களா?" என்று திட்டிக்கொண்டே ஜாக்கியை எடுத்துவந்தார். மற்ற மூன்று சக்கரங்களிலிருந்தும் ஒவ்வொரு நட்டைக் கழற்றி இதில் போட்டார். பிறகு நான்கு சக்கரங்களையும் இறுக்கினார். ஒரு நட்டைத் திருகும்போது எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எத்தினி சுத்து உள்ள போவுது, எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அவ்ளோதான். வீலு தடி, நட்டு குட்டை. நாலு சுத்துல ஒரு உசுரு தொங்குது. இத எந்த மகராசி வாங்கனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் சொன்னாள்: "நான்தான்ணே."

அவர் அவளைத் திட்டித் தீர்த்தார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். "பத்து கிலோமீட்டருக்கு ஒருவாட்டி நிறுத்தி இறுக்கு. ஜல்தியா போவணும்னு பறக்காத" என்று சொல்லிவிட்டு, நன்றியைக்கூடக் காதில் வாங்காமல் லாரியில் ஏறிப் போனார்.

நிறுத்தி நிறுத்தி, சந்தவாசல் தாண்டி ஆரணி வர இருட்டிவிட்டது. வீட்டில் டீ வாங்க நீட்டிய அவள் உள்ளங்கையில் அந்த நட்டின் கறை இன்னும் இருந்தது. அதைப் பார்த்ததும் நான் ஆரம்பித்தேன். பழைய சக்கரத்தையே மாட்டு, இல்லையென்றால் ஜீப்பை விற்றுவிடு, ஊருக்கே மாற்றல் வாங்கு என்று பேசிக்கொண்டே போனேன்.

"திங்கக்கெழம கோமாரி ஊசி போடணும்மா. மாட்ட மேய வுடாம கட்டி வெச்சுகினு காத்திருப்பாங்க" என்றாள். "சரியான நட்டு இருந்தா ஒண்ணும் ஆவாது."

ஞாயிற்றுக்கிழமை கடை அரைநாள்தான். இந்த முறை நட்டை மட்டும் எடுத்துப்போகவில்லை. ஜீப்பையே கடை வாசலில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு உள்ளே போனோம்.

கடைக்காரர் நடந்ததைக் கேட்டு முகம் வெளுத்தார். "நட்டுக்கு நட்டு கேட்டீங்க, அச்சா அதே குடுத்தேன். வீலு மாத்தினத நீங்க சொல்லலியே டீச்சரம்மா."

உண்மைதான். கழற்றி ஓரமாய்ப் போட்ட பழைய சக்கரத்துக்கு நான் அவ்வளவு கவனமாக மாதிரி பார்த்திருக்கிறேன். அவரும் எதற்கு என்று கேட்டிருக்கலாம்.

"சாக்பீஸ் இருக்குதா?" என்றார். என் கைப்பையில் எப்போதும் இருக்கும். என் பளபள நட்டின் சரிந்த முனையில் சாக்பீஸைத் தேய்த்து, சக்கரத்தின் துளையில் வைத்து அழுத்திச் சுற்றி எடுத்தார். நூல் அகலத்துக்கு ஒரு வட்டம்தான் அழிந்திருந்தது. அந்த ஒரு கோட்டில்தான் அது சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நீளமான முனையுள்ள இன்னொரு நட்டில் தேய்த்துச் சுற்றினார். தேய்த்த சாக்பீஸ் பொடி முழுவதும் துளைக்குள் ஒட்டிக்கொண்டது. சக்கரத்தை ஜீப்பில் மாட்டி, அந்த நட்டைப் போல்ட்டில் திருகிப் பார்த்தோம். சுற்றுகளை நான்தான் எண்ணினேன். பத்து வரை எண்ணியும் நிற்கவில்லை.

அந்த அளவில் மூன்று விதம் இருந்தன. ஒன்று பளபளப்பானது. நான் கையை எடுத்துக்கொண்டேன். அவர் அதன் ஓரத்தை ஸ்குரூடிரைவரால் நெம்பிக் காட்டினார். மேலே மெல்லிய தகடு, தொப்பிபோல் மூடியிருந்தது. "மலைச் சேத்துல ஓடற வண்டி. தண்ணி உள்ள பூந்தா தகடு உப்பிக்கும். அப்புறம் ஸ்பேனர் ஏறாது." இன்னொன்று திருடமுடியாதபடி தனிச்சாவி போட்டது. "அந்தச் சாவி காட்டுல எங்கியாவது வுழுந்தா பேஜாரு" என்றாள் மகள். மூன்றாவது முழு இரும்பு, மங்கிய சாம்பல் நிறம். கையில் வைத்ததும் கனத்தது. அதை எடுத்தோம்.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த ஐம்பது வரை நான் வருவேன் என்றேன். வீட்டில் கிடந்த நெயில் பாலிஷால், ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரத்துக்கு நீளும்படி ஒரு கோடு போட்டிருந்தேன். நட்டு அசைந்தால் கோடு உடையும்.

ஐம்பது ஆனதும், மலைமேல் முதல் ஊருக்கு வெளியே நிறுத்தினோம். இருபது கோடும் நேராக இருந்தன. இருந்தாலும் ஸ்பேனர் போட்டேன். முன்பக்கத்தில் ஒன்று கொஞ்சம் நகர்ந்தது.

"ஸ்பேனர் மேல ஏறி நிக்காதம்மா, போல்ட்டு முறிஞ்சிடும்" என்று சிரித்தாள். அந்தக் கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

"அன்னைக்கு ஏன் நீ வாங்கினதா சொன்ன?" என்று கேட்டேன்.

"அவரு திட்டிகினு இருந்தாரு. நீ ஏற்கெனவே தரையில ஒக்காந்துகினு இருந்த."

கீழே போகும் பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் போனில் கேட்பேன், கோடு நேராக இருக்கிறதா என்று. "நேரா இருக்குதும்மா" என்று உடனே பதில் வரும். என்னைக் காப்பாற்ற அவள் யோசிக்காமல் பொய் சொல்லக்கூடியவள் என்பது இப்போது எனக்குத் தெரியும். அதனால் சனிக்கிழமை வாசலில் ஜீப் நின்றதும், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் இடப்பக்க முன் சக்கரத்தருகே குனிந்திருப்பேன்.