மின்நிலையத்தை விற்கவிடாத முத்துலட்சுமி

வைப்பின் தீவுப் படகில் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மலையிலுள்ள எங்கள் நீர்மின் நிலையத்து ஆபரேட்டர் ஜோசப். "சாரே, நம்மட முத்துலட்சுமி சேச்சி போயி" என்றார். முத்துலட்சுமி இறந்துவிட்டார். படகு எறணாகுளம் கரையைத் தொட்ட பிறகும் இறங்கத் தோன்றாமல் நின்றேன்.

முத்துலட்சுமி மட்டாஞ்சேரியில் பிறந்தவர். தந்தை மாடசாமி, மாநகராட்சியில் ஓடை தூர்வாரும் தொழிலாளி. மின்னியலில் டிப்ளமோ முடித்த முத்துலட்சுமி, தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் நிறுவனத்தில் சேர்ந்தார். எனக்கு அடுத்த மேசை. அன்று எங்களிடம் இருந்தவை சில காற்றாலைகளும் அந்தச் சிறிய நீர்மின் நிலையமும்தான். காற்றாலைகள் செல்லப்பிள்ளைகள். நீர்மின் நிலையமோ, மழை வலுத்ததும் நின்றுபோகும். ஆற்றில் தண்ணீர் புரளும் நாளில்தான் மின்சாரம் இருக்காது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடையில், அதை விற்றுவிடலாம் என்றார் மேலாளர்.

"மெஷினில கேடு ஒண்ணுமில்ல சார். ஒரு மழைக்காலம் எனக்குத் தாங்க" என்றார் முத்துலட்சுமி.

"அங்கே அட்டை கடிக்கும்."

"கடிச்சிட்டுப் போகட்டும் சார்."

மலையில் போய்த் தங்கிய அவருக்கு முதல் மழையிலேயே காரணம் தெரிந்தது. தண்ணீர் உள்ளே நுழையும் வாயிலில் செங்குத்தாக நின்ற கம்பித் தடுப்பில் இலையும் சுள்ளியும் அப்பிக்கொண்டன. வாரிப் போடப் போட, மேலும் வந்தன. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த முத்துலட்சுமி சாயா குடித்தபடி தந்தையிடம் இதைச் சொன்னார்.

"கம்பியை நேரா நட்டா இலை, சப்பு எல்லாம் ஒட்டத்தான் செய்யும் மோளே. சாய்ச்சு வை. தண்ணி கீழே விழும், சப்பு மேலே வழுக்கிப் போயிரும்" என்றார் மாடசாமி. அவர் மின்நிலையத்தைக் கண்ணால் கண்டதில்லை.

உள்ளூர் வெல்டரைக் கொண்டு முத்துலட்சுமி தடுப்பைச் சாய்த்து அமைத்தார். ஆடியில் வரும் கர்க்கடக மழை கொட்டித் தீர்த்த மாதம் முழுவதும் இயந்திரம் ஒருமுறைகூட நிற்கவில்லை. பார்க்க வந்த மேலாளர், "இது யாரோட டிசைன்?" என்று கேட்டார்.

"எங்க அப்பாவோடது சார். மட்டாஞ்சேரியில ஓடையில சேறு கோருற ஆளு."

விற்கும் பேச்சு அன்றோடு முடிந்தது. மறுவாரம் நிறுவனத்தின் ஜீப்பே போய் மாடசாமியை மலைக்கு அழைத்து வந்தது. அதிர்ந்துகொண்டிருந்த இயந்திரத்தின்மேல் கைவைத்து, "இதுக்குள்ள போயா தண்ணி கரண்டாகுது!" என்று அவர் சிரித்தார். முத்துலட்சுமி அழுததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

பின்னர் நாங்கள் கட்டிய நீர்மின் நிலையங்கள் அனைத்திலும் அந்தச் சாய்வுத் தடுப்புதான். கோப்புகளில் அதற்கு வேறு பெயர். எங்களுக்கு அது 'மட்டாஞ்சேரித் தடுப்பு'.

காற்றாலைக்காகப் புதிய மலை ஒன்றை நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நோயுற்றுப் படுத்திருந்த முத்துலட்சுமியைப் பார்க்கப் போனேன். "புது மலையில காத்து எப்படி?" என்பதே அவரது முதல் கேள்வி.

நேற்று அவரது தெரு கொள்ளாத கூட்டம். எங்கள் நிலையங்களின் நீலச் சட்டைக்காரர்களும் மாநகராட்சித் தொழிலாளர்களும் தோள் மாற்றித் தோள் மாற்றி அவரைச் சுமந்து சென்றார்கள். அமைச்சருக்குக்கூட அப்படி ஒரு ஊர்வலம் வாய்க்காது. கைகூப்பினேன். ஜெயித்தவராகவே போகிறீர்கள், முத்துலட்சுமி. போய் வாருங்கள்.