கொதித்த பியரும் என் கணவரின் வலக்கையும்

என் கணவர் குடிகாரர் அல்லர். அன்று குடித்தவள் நான். அவருடைய கையைச் சுட்டவளும் நான்தான்.

இந்த மூன்று வாக்கியங்களையும் சொல்ல எனக்கு ஆறு ஆண்டுகள் தேவைப்பட்டன. நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. ஆனாலும் முழுவதையும் கேளுங்கள். நான் சுட்டதோடு நின்றுவிடவில்லை. அதற்குப் பிறகு செய்தது அதைவிடக் கொடியது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து மூன்றாவது குளிர்காலம். கனடாவின் கியூபெக்கில், சென்ட் லோரன்ட் என்ற பகுதியில் குளிர்ச்சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். என் பக்கத்து இயந்திரத்தில் லீஸ் என்றொரு கியூபெக்காரி. எனக்குப் பிரெஞ்சு சொல்லித் தந்தவள் அவள்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்தாள். என் கணவர் சிவநேசனுக்குப் போக விருப்பமில்லை. எனக்காக வந்தார்.

வீட்டுக்குப் பின்னால், முழங்காலளவு பனியை வெட்டி ஒதுக்கி, நடுவில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். லீஸின் கணவர் ரெஜான், நெருப்புக் கிளறும் நீண்ட இரும்புக்கோலைத் தணலுக்குள் செருகி வைத்திருந்தார். அதன் நுனி செம்மஞ்சளாகப் பழுத்ததும் வெளியே எடுத்துச் சாம்பலைத் தட்டிவிட்டு, கறுத்த பியர் நிரம்பிய எனாமல் கோப்பைக்குள் சட்டென்று அமிழ்த்தினார். ஒரு சீறல்! நுரை பொங்கி விளிம்பைத் தாண்டியது. பியரிலிருந்த இனிப்பு அந்தச் சூட்டில் கருகிப் பாகாகிவிடும் என்று லீஸ் விளக்கினாள். பனம்பாணி காய்ச்சும்போது அடிப்பிடித்தால் எழுமே, அந்த வாசனை அந்த வெண்பனி முழுவதும் பரவியது.

லீஸ் கோப்பையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கினேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் வாய் மரியாதைக்காக என்றால், இரண்டாவது…? மூன்றாவது கோப்பை…? எனக்குப் பிடித்திருந்தது! இளஞ்சூடு, மேலே கருகிய இனிப்பு, கீழே மெல்லிய கசப்பு. என் தகப்பன் குடித்தே அழிந்தவர். குடிவாடையைக் கண்டாலே ஓடி ஒளிந்த பிள்ளை நான். அந்த நான் அங்கே நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். சிவநேசன் தோடம்பழச்சாறு குடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் அப்படிச் சிரித்து அவர் கண்டதில்லை, அவ்வளவுதான்.

நான்காவது கோப்பைக்கு, கோலை நானே பிடிக்கவேண்டும் என்றேன். கோப்பையை மரக்குற்றியின்மேல் வைத்துவிட்டுச் செய் என்று ரெஜான் சொன்னார். நான் கேட்கவில்லை. கோப்பையை இவர் பிடிக்கட்டும் என்று என் கணவரிடம் நீட்டினேன்.

"வேண்டாம். உமக்குக் கால் நிக்குதில்லை," என்றார்.

"ஒருக்காப் பிடியுங்கோவன்."

பிடித்தார். கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தார், கோப்பை வழுக்கக் கூடாதென்று.

காலடியில் பனி உருகி மீண்டும் உறைந்திருந்தது. கோலைப் பியருக்குள் அமிழ்த்தி நுரை பொங்கியபோது என் கால் சறுக்கியது. கோல் கோப்பையின் விளிம்பில் பட்டுத் திரும்பி, அவருடைய விரல்களின் குறுக்கே விழுந்தது. கொதித்த பியர் முழுவதும் அவருடைய மேற்சட்டையில் ஊற்றுண்டது. அவர் கத்தவில்லை. முழந்தாளிட்டு, வலக்கையைப் பனிக்குள் புதைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உமக்கு ஒண்டும் படேல்லையே?" என்றுதான் கேட்டார்.

இதுவரை சொன்னது விபத்து. இதற்காக நான் இந்த வாக்குமூலத்தை எழுதவில்லை.

ரெஜான் எங்களை வைத்தியசாலையில் இறக்கிவிட்டுப் போனார். லீஸ் எங்களோடு தங்கினாள். "அக்காவுக்குச் சொல்லும்," என்றார் இவர். நான் அழைத்தேன். இவருடைய அக்கா பரமேஸ்வரி மச்சாள், நகரின் இன்னொரு பகுதியான லாசாலிலிருந்து பஸ்ஸிலும் மெட்ரோவிலுமாக ஓடிவந்தார்.

மச்சாளைப் பற்றி நீங்கள் அறியவேண்டும். அவருடைய புருஷன் இந்த ஊரிலேயே குடித்து, ஈரல் கெட்டு இறந்தவர். ஒரே மகள் ஆரணியை வைத்துக்கொண்டு தனியே வாழ்பவர். எங்கள் கலியாணப் பேச்சின்போது அவர் கேட்டது ஒரேயொரு கேள்விதான். பெண் வீட்டில் குடி இருக்கிறதா? இல்லையென்று திருகோணமலையிலிருந்து என் தாய் பொய் சொன்னார். நான் இங்கே வந்து இறங்கிய சில மாதங்களில் மச்சாளுக்கு உண்மை தெரிந்துவிட்டது. அவர் எதுவும் பேசவில்லை. ஆனால் அன்றுமுதல் அவர் முன்னால் போய் நிற்கும்போதெல்லாம், என்னில் ஏதோ மணக்கிறதென்று எனக்குத் தோன்றும்.

அன்று உண்மையாகவே மணந்தது. ஆனால் என்னைவிட, பியர் ஊற்றுண்ட என் கணவரின் சட்டை பலமாக மணந்தது. மச்சாள் தம்பியின் பக்கத்தில் குனிந்தார். நிமிர்ந்தார்.

"குடிச்சனியோ?"

இவர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தாரா? அல்லது, திறக்காதே என்று சொன்னாரா? ஆறு ஆண்டுகளாக அந்தப் பார்வையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்… தெரியவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

"ஓம் அக்கா," என்றார்.

அத்தோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். மௌனம் என்றால், பயந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவாவது முடிந்திருக்கும். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

"நான் வேண்டாம் எண்டு மறிச்சனான் மச்சாள். இவர் கேக்கேல்லை."

இதுதான் என் குற்றம்.

மச்சாள் என் தோளை அணைத்துக்கொண்டார். நான் கனடாவுக்கு வந்தபின் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல்தடவை. எங்கள் மொழி புரியாத லீஸ், பக்கத்து நாற்காலியிலிருந்து ஆறுதலாகத் தலையசைத்தாள்!

கை ஆறியது. ஆனால் மூன்று விரல்கள் மடங்க மறுத்தன. விமானப் பாகங்களுக்குச் சிறு திருகாணிகள் பூட்டும் வேலை அவருடையது. அதிலிருந்து பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அதைப் பற்றி அவர் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

ஆரணி பெரியபிள்ளையாகி, அந்தக் கோடையில் அவளுடைய சாமத்தியவீடு வந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை. இருப்பது ஒரேயொரு தாய்மாமன், என் கணவர். பாலில் தோய்த்த அறுகம்புல்லை எடுத்து, பிள்ளையின் தலையில் முதலில் பாலறுகு வைக்க வேண்டியவர் அவர்தான். ஆனால் குடிக்கிற கை தன் பிள்ளையின் தலையில் படக்கூடாது என்று மச்சாள் சொல்லிவிட்டார். தூரத்து உறவில் ஒருவர் அந்த இடத்தில் நின்றார். இவர் மண்டபத்தின் கடைசி வரிசையில், வலக்கையை மடிக்குள் ஒளித்தபடி உட்கார்ந்திருந்தார்.

என்னையோ மச்சாள் கைபிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார். போனேன்… பட்டுச்சேலை சரசரக்கப் போனேன்! ஆரணியின் தலையில் பாலை வார்த்தேன். கீழே இரண்டு பெண்கள் என்னைக் காட்டி ஏதோ இரங்கிப் பேசிக்கொண்டார்கள். குடிகாரனோடு மாரடிக்கிற பொறுமைசாலி என்று நான் பெயர் எடுத்தது அன்றுதான்.

அந்தப் பெயர் எனக்கு இதமாக இருந்தது. இதையும் மறைக்கப் போவதில்லை.

பலமுறை என் கணவரிடம், மச்சாளிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், முடிந்த கதையை விடும் என்பார். அவர் அப்படிச் சொல்வார் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதானே கேட்டேன்?

விபத்து நடந்து ஆறாவது குளிர்காலத்தில் ஆரணி படிப்பொன்றை முடித்ததற்காக மச்சாள் வீட்டில் விருந்து. "நீர் மட்டும் வாரும்," என்று தொலைபேசியில் சொன்னார். இவர் என்னைக் காரில் கொண்டுபோய் இறக்கினார். விருந்து முடியும்வரை கீழேயே இருக்கிறேன், அவசரப்படவேண்டாம் என்றார். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். காரின் கண்ணாடியில் பனி மூடிக்கொண்டே வந்தது. இவர் உள்ளிருந்து இடக்கையால் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே பனி, உள்ளே துடைத்து என்ன பயன்? ஆனாலும் துடைத்தார்.

என் தட்டில் சோறு இருந்தது. அதை வைத்துவிட்டு மச்சாளைக் குசினிக்குள் அழைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கோல், கோப்பை, நான் குடித்த கணக்கு, வைத்தியசாலையில் சொன்ன பொய்.

மச்சாள் நம்பவில்லை!

"அவனைக் காப்பாத்த நீர் இவ்வளவுக்கு இறங்கவேண்டாம். நீர் பட்ட பாடு எனக்குத் தெரியும்," என்று என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

நான் சொன்ன பொய் அவ்வளவு உறுதியாக நின்றது. உண்மையைக்கூட அது தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. அன்று முடிவெடுத்தேன். இனிமேல் விடுவதில்லை. நம்பும்வரை போவேன்.

அடுத்த ஞாயிறு காலை லீஸை அழைத்துக்கொண்டு போனேன். வழியில் அவளிடமும் உண்மையைச் சொன்னேன். அன்று வைத்தியசாலையில் அவள் பக்கத்தில் இருக்கும்போதே நாங்கள் பேசிய பொய்யை அப்போதுதான் அறிந்தாள். அரைவழியில் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனாலும் வந்தாள்.

மச்சாளுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆரணிதான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. லீஸ் நிதானமாகச் சொல்லி முடித்தாள். ஆரணி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, மாமா ஒரு சொட்டும் குடிக்கேல்லையாம். குடிச்சது மாமியாம். சுட்டதும் மாமிதானாம்."

மச்சாள் தொலைபேசியை எடுத்தார். தம்பியிடம் அதே கேள்வியைக் கேட்டார். "அண்டைக்கு நீ குடிச்சனியோ?" மறுமுனையில் அவர் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. மச்சாள் தொலைபேசியை வைத்தார்.

"இப்பவும் ஓம் எண்டுறான்," என்றார். குரல் உடைந்துவிட்டது. இப்போதும் என்னைக் காக்கவே தம்பி பொய் சொல்கிறார் என்று புரிந்து, மச்சாள் நம்பிவிட்டது எனக்குத் தெரிந்தது. "நீர் போம்," என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் இவர் நன்றி சொல்வார் என்று நினைத்தேனா? ஆம்… வெட்கமில்லாமல் நினைத்தேன்.

"என்னைக் கேட்டனீரோ?" என்றார். "உமக்காகத்தானே இவ்வளவு காலமும் சுமந்தனான். அதை ஒண்டுமில்லாமச் செய்துபோட்டீர்."

அவருடைய பெயரைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கும்போது, அவர் எனக்குத் தந்த ஒன்றை உடைத்துவிட்டேன். முன்னமே, அந்த வைத்தியசாலை நாற்காலியிலேயே சொல்லியிருந்தால் இரண்டும் மிஞ்சியிருக்கும்.

இப்போது மச்சாள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அக்காவும் தம்பியும் முன்னறையில் இருந்து கதைப்பார்கள். நான் தேநீர் வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்புவேன். மச்சாள் என்னோடு பேசுவதில்லை. பேசும்படி நான் கேட்கவும் இல்லை.

சாமத்தியவீட்டு மண்டபத்தில் அன்று இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சொல்லிவருகிறேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர், இப்போது ஏன் இதெல்லாம் என்றார்கள். இவரும் வேண்டாம் என்கிறார். இந்த ஒன்றில் மட்டும் அவர் சொல்லைக் கேட்கமாட்டேன். இன்னும் பலர் இருக்கிறார்கள். நாளைக்கு லாசாலில் ஒரு வீடு.

போகும்போது என்னைக் காரில் கொண்டுபோய் விடுவதற்கு அவர் வரமாட்டார். நான் பஸ்ஸில் போவேன்.