தலைகீழ்க் கல்

ஒரு பழைய கற்கட்டடத்தைப் பிரித்து வேறிடத்தில் எழுப்புவதானால், பிரிக்கும் முன் ஒவ்வொரு கல்லிலும் குறியிட வேண்டும். குறியின் தலை மேலே பார்க்க வேண்டும். கோயில் திருப்பணிப் பொறியாளராக முப்பத்திரண்டு வருடம் நான் அமல்படுத்திய விதி இது. வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றேன், விதியிலிருந்து அல்ல.

இரண்டு வருடங்களுக்கு முன், கோடையில், கலிஃபோர்னியாவின் டப்ளினில் மகள் வீட்டில் இருந்தேன். பக்கத்து ஊரான லிவர்மோரில் உள்ள இந்துக் கோயிலுக்கு ஐந்து முறை போயாகிவிட்டது. வேறு ஏதாவது பழசாகக் காட்டுங்கள் என்றேன். வடக்கே மூன்று மணி நேரம் ஓட்டி ஒரு கிறிஸ்தவத் துறவியர் மடாலயத்துக்கு அழைத்துப் போனார் மருமகன்.

அங்கிருந்த மண்டபம் அமெரிக்காவில் பிறந்ததல்ல. ஏறக்குறைய எண்ணூறு வருடங்களுக்கு முன் ஸ்பெயினில் அரசர் ஒருவர் நிறுவிய மடாலயத்தின் ஒரு பகுதி. போன நூற்றாண்டில் ஓர் அமெரிக்கச் செல்வந்தர் அதைப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்தார், ஆனால் கட்டவில்லை. கற்கள் சான்பிரான்சிஸ்கோ பூங்காவில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பெட்டிகள் தீப்பிடித்தன, எண்கள் அழிந்தன. கடைசியில் இங்குள்ள துறவிகள் கற்களைக் கொண்டுவந்து கட்டத் தொடங்கினார்கள்.

உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தேன். நம் மண்டபங்களில் தூண்மேல் உத்தரம் படுத்திருக்கும். இங்கே தூணிலிருந்து கல் வளைந்து கிளம்பி, விலா எலும்புகள் போல மேலே கூடி, கூரையைத் தாங்குகிறது. அலங்காரம் அநேகமாக இல்லை.

சுற்றிக் காட்டிய பெண்மணி, துறவிகள் தினமும் இங்கே கூடி அவரவர் தவறை எழுந்து தாமே சொல்வது அந்தக் கால வழக்கம் என்றார். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வளைவில் ஒரு கல்லைப் பார்த்துவிட்டேன். அதில் வெட்டியிருந்த அம்புக்குறி கீழே பார்த்தது. மை எரிந்து போகும். வெட்டிய குறி போகாதே!

"இந்தக் கல் தலைகீழாக இருக்கிறது" என்று இருபது பேர் முன்னிலையில் ஆங்கிலத்தில் அறிவித்தேன்.

ஓரத்தில் வேலை செய்துகொண்டிருந்த வயதான கல்தச்சர் உளியைக் கீழே வைத்தார். மெக்சிகோக்காரர். அந்தக் கல்லை ஏற்றியவர் அவர்தான். ஏதோ சொல்ல வந்தார், ஆங்கிலம் கைகொடுக்கவில்லை. பெண்மணி பதறிப்போய், முடிவு தெரியும்வரை அந்த வளைவில் வேலை வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னிடம் புகாரை எழுத்தில் தரமுடியுமா என்று கேட்டார். எழுத்தில்! என்னிடமா!

திரும்பும்போது காரில் மருமகன்தான் ஆரம்பித்தார்.

"மாமா, அந்தப் பெரியவர் வேலைக்கு உலை வெச்சிட்டீங்க."

"தப்புன்னா தப்புதானே மாப்பிள்ளை?"

"அப்பா, நாம டூர்தான் வந்தோம், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரல" என்றாள் மகள்.

பொருள், பார்வை, இணைப்பு என்று முறைப்படி எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று. நினைவூட்டல் இரண்டு. நான் நாற்காலியில் இருந்தபோது எத்தனை பேரைக் காக்க வைத்திருப்பேன் என்பதை நினைக்காமல் கோபப்பட்டேன். நாளாக ஆக, உளியைக் கீழே வைத்த அந்தக் கைதான் அடிக்கடி ஞாபகம் வந்தது.

ஒருவழியாகத் தலைமைத் துறவியின் கடிதம் வந்தது. அந்த அம்புக்குறி, கட்டடத்தைப் பிரித்தவர்கள் போட்டதல்ல. எண்ணூறு வருடங்களுக்கு முன் அந்தக் கல்லைச் செதுக்கியவன் வெட்டிய சொந்த அடையாளம். கல் தரையில் கிடக்கும்போதே வெட்டிவிடுவார்கள். மேலே ஏறியபின் அது எந்தப் பக்கம் பார்த்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. கூடவே ஐந்து புகைப்படங்கள். அதே அம்பு, ஐந்து கற்களில், ஐந்து திசைகளில். வேலை நின்றிருந்த வாரங்களில் அந்தக் கல்தச்சர் மிச்சக் கற்குவியல் முழுவதையும் புரட்டிக் கண்டுபிடித்தாராம். தாமதத்துக்குக் காரணம் அதுதானாம். இப்போது மறுபடி சாரத்தில் ஏறிவிட்டாராம்.

என்னைக் கண்டித்து ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் சுடச்சுடப் பதில் எழுதியிருப்பேன்.

முப்பத்திரண்டு வருடத்தில் நான் விளக்கம் கேட்டு நீட்டிய குறிப்பாணைகளில் எத்தனைக்கு, இப்படித் தேடிப் பார்த்துச் சொல்ல எதிரில் நின்றவருக்கு அவகாசம் கொடுத்தேன் என்று நான் முதன்முதலாக என்னையே கேட்டுக்கொண்ட நாள், அந்தக் கடிதம் வந்த அக்டோபர் பதினேழு.