முன்னால் போகிறவள்

என் தங்கையின் வேலையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஜனங்கள் எப்படி நடக்கிறார்கள், எங்கே வழி தவறி முழிக்கிறார்கள் என்று நின்று பார்க்கிற வேலை. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். அவள் சொல்வதைக் கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு வருஷமாக நிர்வாக அதிகாரியிடம் தொண்டைத்தண்ணி வற்றக் கத்துகிறாள். கூரையில் தொங்கும் வழிகாட்டிப் பலகையை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, முன்னால் எவர் விறுவிறுவென்று நடக்கிறாரோ அவர் பின்னாலேயே போய்விடுகிறார்கள், தரையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கலர் கோடு போட்டுக் கொடுங்கள் என்கிறாள். அந்த மனுஷன், "தரை அசிங்கமாயிடும்மா" என்று அதே பாட்டைப் பாடுகிறார். பளிங்குத் தரை என்னவோ அவர் பெற்ற பிள்ளை மாதிரி.

அங்கேதான் அம்மாவுக்கு இதய ஆபரேஷன் வைத்தார்கள்.

"சின்னவளைப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்" என்று அம்மா ஒரே பிடிவாதம்.

போன் போட்டேன். "வாசல்லருந்து கிளம்பிட்டேண்ணா, இதோ வந்துட்டேன்" என்றாள். கூப்பிடு தூரம்தான். ஆளைக் காணோம். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் பாவம், பொறுத்துப் பார்த்தார். டாக்டர் உள்ளேயிருந்து சத்தம் போட்டதும் தள்ளிவிட்டார். கதவு மூடும்வரை அம்மா தலையைத் தூக்கித் தூக்கி வராந்தாவையே பார்த்துக்கொண்டு போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் வந்தாள் மகராசி, மூச்சு வாங்க.

"எங்கடி தொலைஞ்ச?"

"திரும்பிப் பாத்தா பின்னால ஒரு கூட்டமே வருதுண்ணா. கழுத்துல ஆஸ்பத்திரி கார்டு, வேகமா வேற நடக்குறேன். ஸ்கேனுக்குப் போறவங்க, கண்ணு காட்ட வந்தவங்க, எல்லாரும் என் பின்னால. ஒவ்வொருத்தரையா கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

"பெத்தவ காத்துட்டிருக்கா. உனக்கு ஊருக்கு வழி காட்டுறதுதான் முக்கியமா?"

"நிறைமாசக்காரி ஒருத்தி வலியில சுவரைப் பிடிச்சிட்டு நடந்து வரா. அப்படியே விட்டுட்டு வரச் சொல்றியா?"

எனக்குக் கோபம் ஆறவில்லை. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அவள் மூடிய கதவுக்கு நேரே தரையில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னண்ணா பண்ணுவேன்" என்று விசும்ப ஆரம்பித்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் அம்மாவுக்குப் பேச்சு வந்தது. தங்கையைக் கிட்டே கூப்பிட்டாள்.

"என்னடி, வழி தெரியலையா?"

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாம்மா, தெரியல" என்றாள் தங்கை.