தானமாக வந்த கம்ப்யூட்டர்கள்

பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தது என் பிடிவாதம். வீட்டில் எனக்கு முன் பள்ளிக்கூடம் போனவர் யாருமில்லை, ஆகவே தடுக்கவும் ஆளில்லை. எங்கள் அரசுப் பள்ளியில் அந்தப் பாடம் இருந்தது, வாத்தியார் இருந்தார், லேப் என்று பலகை மாட்டிய அறையும் இருந்தது. கம்ப்யூட்டர்தான் இல்லை. கல்வி அலுவலகத்துக்குக் கேட்டு எழுதியிருக்கிறோம், இந்த வருஷம் வந்துவிடும் என்றார் வாத்தியார்.

அதற்குள் தர்மவான்கள் முந்திக்கொண்டார்கள். பெருங்களத்தூரில் அம்மா வீட்டுவேலை செய்யும் அபார்ட்மென்ட்டின் சங்கத்தார், மினி லாரி நிறையப் பழைய கம்ப்யூட்டர்களோடு வந்து இறங்கினார்கள். பேனர், மைக், சால்வை. எங்களுக்கு பிஸ்கட் பாக்கெட். கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். போட்டோ சரியாக விழவில்லையென்று இன்னொரு தடவை தட்டச் சொன்னார்கள்.

மறுநாள் ஸ்விட்சைப் போட்டால் ஒன்றுகூட உயிரோடில்லை. நண்பன் ஒரு பெட்டியைக் கழற்றிப் பார்த்தான்.

"மச்சான், உள்ள பல்லி முட்ட போட்டு வச்சிகீதுடா. இது கம்ப்யூட்டர் இல்ல, பிரசவ வார்டு."

அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"நான்தான்டா தொடச்சி அனுப்புனேன். இது எதுவும் ஓடாதேன்னு கேட்டேன். கவர்மென்ட் ஸ்கூலுக்குத்தானே, போதும்னாங்க."

குப்பை வண்டிக்குப் போட்டிருந்தால்கூட எங்களுக்கு நல்லது நடந்திருக்கும். ஏனென்றால் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த பதில் இது: உங்களிடம்தான் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றனவே, இல்லாத பள்ளிக்கு முதலில் கொடுப்பதே நியாயம். வாத்தியார் போன் போட்டார். ஓடவில்லை என்றதற்கு, ரிப்பேர் பண்ணிக்கொள்ளச் சொன்னார்கள். ரிப்பேருக்குப் பணம் கேட்டதற்கு, நன்கொடைப் பொருளுக்கு நிதி ஒதுக்க வழியில்லை என்றார்கள். எவ்வளவு சுத்தமான நியாயம்! ஏழைக்குத் தராமலிருக்கக் காரணம் தேடுவதற்கு மட்டும் இந்த நாட்டில் ஆள் பற்றாக்குறையே வந்ததில்லை.

பிளஸ் டூ பிராக்டிகல் அன்று வாத்தியார் தன் சொந்த லேப்டாப்பைக் கொண்டுவந்தார். வகுப்பு மொத்தமும் அதன்முன் வரிசையில் நின்றது. என் முறை வந்ததும், நோட்டில் எழுதி எழுதிப் பழகிய புரோகிராமை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரக்கப்பட்டார்.

"போதும் தம்பி, எழுந்திரு. ஃபுல் மார்க் போட்டுடறேன்."

"ஓடுதான்னு மட்டும் பாத்துடறேன் சார்."

"அதான் மார்க் போட்டாச்சே!"

ஓடவிட்டேன். ஏதோ ஒரு வரியில் பிழை என்று வந்தது. எந்த வரி என்று படிப்பதற்குள் அடுத்தவன் நாற்காலியைப் பிடித்து இழுத்தான்.